இறங்கிய கை

சரணடைந்தவன் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

நம் தலைநகரத்தில் அரசியல் வெட்டுக்குத்து என்றால் அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. இங்கே ஒருத்தன் வெட்டுவான். வெளியூர் கோர்ட்டில் வேறொருத்தன் வக்கீலோடு போய்ச் சரணடைவான். வெட்டியவன் கட்சிக்கு வேண்டியவன், சரணடைகிறவன் கட்சிக்குக் கடமைப்பட்டவன். என் சர்வீஸில் இப்படி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பிரியாணி சாப்பிட்ட முகத்தோடு வருவார்கள். பாடம் ஒப்பிப்பதுபோல வாக்குமூலம் கொடுத்துவிட்டு, டீ கிடைக்குமா மேடம் என்று கேட்பார்கள். அழ மாட்டார்கள்.

ஏசுபாதம் அழுதான். கொருக்குப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆளும் கட்சியின் வட்டச் செயலாளர் கோதண்டத்தை, பட்டப்பகலில், கட்சி ஆபீஸ் வாசலிலேயே வெட்டிக் கொன்றதாக அவன்மேல் வழக்கு. இடைத்தேர்தல் வரும் என்று பேச்சு அடிபட்டதிலிருந்து ஊரில் விழுந்த மூன்றாவது ஆள் கோதண்டம். மூன்று பேரும் ஆளும் கட்சிக்காரர்கள். பழி மொத்தமும் எதிர்க்கட்சிமேல். தெருவுக்கு நாலு கேமரா வைத்திருக்கிற ஊர் இது. மூன்று முறையும் அந்தந்தத் தெருவின் கேமராக்கள் மட்டும் பழுதுபார்ப்பில் இருந்தன. என்ன ஒரு ராசி பாருங்கள்.

"எதால வெட்டின?" என்று கேட்டேன்.

"மீன் வெட்டுற கத்தி மேடம். மொத வெட்டு தோள்ல உழுந்துச்சு. எலும்புல மாட்டிக்கிச்சு. இஸ்த்தேன். வர்ல. கால வெச்சு மெறிச்சிக்கினு இஸ்த்தேன்..." வலது கையை உடம்பிலிருந்து தள்ளி, மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டியே வைத்திருந்தான். அது அவனுடையது இல்லை என்பதுபோல் இருந்தது.

பக்கத்து அறையிலிருந்து நஸ்ரின் வந்தாள். எங்கள் புலனாய்வுப் பிரிவின் தடயவியல் ஆள். தடம் எடுக்கும் கருவி அவள் பொறுப்பில் இருந்தது.

"பொருந்துது மேடம். காயத்தோட கோணம், வேகம், இழுத்த இழுப்பு எல்லாம் அவன் உடம்புல அப்படியே பதிஞ்சிருக்கு. ஒரு பிசிறு இல்ல."

தடம் என்பது இதுதான். ஒரு காரியத்தைச் செய்த உடம்பு அதை மறப்பதில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றவன் பத்து வருஷம் கழித்து ஏறினாலும் ஓட்டுகிறான் இல்லையா, அந்த ஞாபகம். தலைக்கு ஒரு தொப்பி, கைகளுக்கு இரண்டு உறை மாட்டினால் கருவி அதைப் படித்துவிடும். வாடகைக்குச் சரணடைகிறவர்களை ஒழிக்கத்தான் இதைச் சட்டமாக்கினார்கள். 'வாய் பொய் சொல்லும், கை சொல்லாது' என்று ஊரெல்லாம் பேனர் கட்டினார்கள். புதுச் சட்டப்படி தடம் பொருந்தினால் வேறு சாட்சி தேவையில்லை. தடத்துக்கு எதிராக எந்தச் சாட்சியும் செல்லாது.

முதல் இரண்டு வழக்கிலும் தடம் பொருந்தியது. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். எங்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை பிலோமினா வந்தாள். ஏசுபாதத்தின் மனைவி. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

"மேடம், நான் உண்மையச் சொல்லிடறேன்" என்று நின்றபடியே ஆரம்பித்தாள். "ஸ்டாண்டுல வந்து கேட்டாங்க. பேரு மட்டும் குடு, கொஞ்ச நாள் உள்ள இரு, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்னு. இல்லன்னா அந்த ஏரியாவுல வண்டி ஓட்ட முடியாது. இவரும் சரின்னாரு. நானும் சரின்னேன். தப்புதான். ஆனா அந்தாள வெட்டுன நேரத்துல இவரு எங்ககூட ஆஸ்பத்திரில கீறாரு மேடம். இவளுக்கு ஜுரம். இவருதான் தோள்ல போட்டுக்கினு லைன்ல நின்னாரு. நர்ஸம்மாவக் கேளுங்க."

"அவன் தானே வெட்டினதா சொல்றானே?"

"அதான் மேடம் எனக்குப் புரியல." நழுவிய குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். "சரணடையறதுக்கு முன்னாடி எங்கியோ தோட்ட வூட்டுக்கு இட்டுனு போனாங்களாம். ஜூஸ் குடுத்தாங்களாம். தூங்கி எந்திரிச்சா அழுவுறாரு. நேத்து கோர்ட்டுல புள்ளையக் குடுத்தேன். வாங்க மாட்டேன்ட்டாரு. இந்தக் கையால தொட மாட்டேன், தூக்கினு போன்னு கத்துறாரு. மேடம், இவரு ஒத்துக்கினது ஜெயிலுக்குப் போறதுக்கு. கொலைகாரனா ஆவறதுக்கு இல்ல."

அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. குழந்தை என் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் நஸ்ரினைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். "தடத்தை உள்ளேயிருந்து எடுக்கிறோம். வெளியேயிருந்து உள்ளே வைக்க முடியுமா?"

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பதில் அவளிடம் ஏற்கெனவே இருந்தது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"முடியும் மேடம். விபத்துல கை போனவங்களுக்குப் புதுக் கை வெச்சா, எழுதற பழக்கத்த இப்படித்தான் ஊத்துவாங்க. வெட்டினவன்கிட்டேருந்து எடுத்து இவனுக்கு ஊத்தியிருக்கலாம். வெட்டினவனுக்கு அப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இருக்காது."

வெட்டியவன் எங்கோ நிம்மதியாகப் பரோட்டா தின்றுகொண்டிருப்பான். அந்தக் காலத்தில் சரணடைந்தவன் மனசுக்குள்ளாவது நிரபராதியாக இருந்தான். ராத்திரி தூங்கினான். அதையும் விட்டுவைக்கவில்லை, பாவிகள்.

"திருப்பி எடுத்துடலாமா?"

"உறையறதுக்கு முன்னாடின்னா எடுக்கலாம். பால் தயிராயிட்டா பிரிக்க முடியுமா? ரெண்டு மாசம்தான் டைம். ஆனா இப்ப அவன் உடம்புதான் சாட்சி. கோர்ட் உத்தரவில்லாம நான் தொட்டா எனக்குத்தான் ஜெயில். ஊத்தினதுன்னு மொதல்ல நிரூபிக்கணும். ஊத்தினதுக்கும் சொந்தமானதுக்கும் கருவிக்கு வித்தியாசம் தெரியாது மேடம்."

முதல் வழக்கில் உள்ளே போனவனைப் பற்றிச் சிறையில் விசாரித்தேன். அவன் இடது கையால்தான் சாப்பிடுகிறானாம். வலது கையில் சோறு எடுக்கவே மாட்டேன் என்கிறானாம். அவனுக்கு உறைந்துவிட்டது.

அந்த வாரமே ஏசுபாதத்தைச் சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போனேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கட்சி ஆபீஸ். வாசலில் கொடிக்கம்பம், எதிரே ஒரு காலிச் சுவர். நடந்ததை நடந்தபடி செய்துகாட்டச் சொன்னோம். கத்திக்குப் பதில் அட்டைத் துண்டு. கோதண்டத்தின் இடத்தில் கான்ஸ்டபிள் ஒருவரை நிறுத்தினோம்.

ஏசுபாதம் கொடிக்கம்பத்துக்குப் பின்னாலிருந்து வந்தான். நாலு எட்டு வைத்தான். அட்டையை ஓங்க வேண்டிய இடத்தில் சட்டென்று நின்றான். இடது கை இடுப்புக்குப் போய், எதையோ விடுவித்துக் கீழே உதறியது. முதுகு லேசாக வளைந்தது, தலை தாழ்ந்தது. அடுத்த நொடி நிமிர்ந்து கான்ஸ்டபிள்மேல் பாய்ந்தான்.

"நிறுத்து" என்றேன். "மறுபடி செய்."

மறுபடியும் அதே இடத்தில் அதே கை இறங்கியது. சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அந்தச் சைகையை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? பெரிய ஆள் கார் வந்து நிற்கும்போது, டீக்கடையில் நிற்கிற அத்தனை ஆம்பிளைகளும் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிடுவார்களே, அந்தக் கை.

ஏசுபாதம் காக்கி பேன்ட் போட்டிருந்தான்.

"நீ வேட்டி கட்டுவியா?"

"இல்ல மேடம். என் கல்யாணமே சர்ச்சுல கோட்டு சூட்டுதான். வேட்டி எனக்கு இடுப்புல நிக்காது."

"இங்க நின்னப்ப எதிர்ல யாரப் பாத்த?"

அவன் அந்தக் காலிச் சுவரை ரொம்ப நேரம் பார்த்தான். "யாருமே இல்ல மேடம். வெறும் செவுருதான். ஆனா..." தன் இடது கையைப் பார்த்தான். "ஆனா ரொம்ப மரியாதையா இருந்துச்சு."

ஆபீசுக்கு வந்ததும் நஸ்ரினிடம் கேட்டேன். அவள் மேசையில் தட்டினாள். "மூஞ்சிய வெட்டிட்டாங்க மேடம்! பாத்தது, கேட்டது ரெண்டையும் தனியா எடுத்துடலாம். ஆனா உடம்பு செஞ்சத நடுவுல நறுக்கினா மொத்தத் தடமும் கலைஞ்சுடும். ஆள அழிச்சாங்க. கும்பிட்டத அழிக்க முடியல."

பிணத்தின் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கோதண்டத்தின் கைகளில் தடுத்த காயம் ஒன்றுகூட இல்லை என்று டாக்டர் ஆச்சரியப்பட்டிருந்தார். இப்போது காரணம் தெரிந்தது. வீட்டிலும் தெருவிலும் எப்போதும் மடித்துக் கட்டியே திரிகிற அந்த மனுஷனின் வேட்டி, பிணத்தில் கணுக்கால்வரை இறங்கியிருந்தது. கத்தி வந்தபோது அவருடைய கைகள் மரியாதை செய்துகொண்டிருந்தன. வெட்டியவனும் வெட்டுப்பட்டவரும் ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில் வேட்டியை இறக்கியிருக்கிறார்கள். கொலை செய்யப் போகிறவனுக்குக்கூட அந்த ஆள் முன்னால் முழங்கால் தெரிய நிற்க மனசு வரவில்லை. இந்த ஊர்க்காரன் தவிர வேறு எவன் இப்படிச் செய்வான்?

வட்டச் செயலாளரே வேட்டியை இறக்குகிற ஆள் யார்? மாவட்டம்தான். மாவட்டச் செயலாளர் வடிவழகனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் மாவட்டம். செத்த மூன்று பேருமே இடைத்தேர்தலில் சீட் கேட்டவர்கள். சீட் கடைசியில் மாவட்டத்துக்குப் போனது. நான் இதைக் கோர்த்து முடிப்பதற்குள் மாதம் ஒன்று ஓடியிருந்தது; மூன்று பிணங்களின் அனுதாபத்தில் அவர் ஜெயித்து, அமைச்சராகவும் ஆகிவிட்டார்.

என் மேலதிகாரி சதானந்தத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது.

"வேதவல்லி, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா மரியாதைய எந்த செக்‌ஷன்ல போடுவீங்க?"

"அடையாள அணிவகுப்பு வைக்கலாம் சார். அதே உடம்புள்ள ஏழு பேரை நடக்கவிடலாம். வெட்டுன இடத்துல யார் நின்னாருன்னு ஏசுபாதம் கண்ணுக்குத் தெரியாது. கை காட்டிக்கொடுத்துடும். மத்தவங்களுக்கு இறங்காத கை அவருக்கு மட்டும் இறங்கினா, அந்தத் தடமும் கொலைத் தடமும் ஒண்ணா இருந்தா, அந்த இடத்துல அவர் நின்னாருன்னு ஆகும். அப்ப யாரோ அவர் முகத்தை வெட்டி எடுத்துட்டு ஊத்தியிருக்காங்கன்னும் ஆகும்."

"அமைச்சர் வருவாரா?"

வந்தார். சட்டத்துக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று வாசலிலேயே பேட்டி கொடுத்துவிட்டு வந்தார். சிறை வளாகத்தில், பகல் பதினோரு மணிக்கு, மாஜிஸ்டிரேட் அம்மா முன்னிலையில் ஏற்பாடு. உறைவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பிலோமினா வெளியே புளியமரத்தடியில் குழந்தையோடு நின்றாள். "இன்னிக்கு எடுத்துடுவாங்களா மேடம்?" என்று கேட்டாள். எடுத்துடுவாங்க என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது.

ஏசுபாதத்துக்கு உறைகளை மாட்டி நடுவில் நிறுத்தினோம். ஏழு பேருக்கும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒவ்வொருவராக வராந்தாவிலிருந்து இறங்கி நடந்தார்கள். முதல் நாலு பேருக்கு அவன் கை அசையவே இல்லை. நடந்து முடித்த நாலு பேரும் வெயில் தாங்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள்.

ஐந்தாவதாக மாவட்டம் வந்தார்.

ஏசுபாதத்தின் இடது கை இடுப்புக்குப் போய்க் கீழே இறங்கியது. பேன்ட்மேல், இல்லாத வேட்டியை இறக்கியது. முதுகு வளைந்தது. நஸ்ரின் திரையைப் பார்த்து, "அதே தடம் மேடம், அச்சு அசல்" என்று கிட்டத்தட்டக் கத்தினாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தரமாவது ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மாவட்டத்தின் வக்கீல் அவசரப்படாமல் எழுந்தார். "வீடியோவைப் போடுங்க அம்மா, எல்லோரும் பார்ப்போம்."

போட்டார்கள். திரையில் மாவட்டம் படியிறங்குகிறார். ஏசுபாதத்தின் கை இறங்குகிறது. சுவரோரம் நின்ற நாலு பேரின் கைகளும் இறங்குகின்றன, நாலு வேட்டிகளும் ஒன்றாகக் கணுக்காலைத் தொடுகின்றன. சிறை வார்டர் கையிலிருந்த டீ டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குனிகிறார். டைப்பிஸ்ட் எழுந்து, சட்டை நுனியைக் கீழே இழுத்துவிட்டுத் தலையைத் தாழ்த்துகிறார். சதானந்தம் சாரின் கை நெற்றிக்குப் போகிறது. மாஜிஸ்டிரேட் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, சுதாரித்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்வதுபோல் மறுபடி உட்காருகிறார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அந்த டிரைவருக்கு மட்டும் எதற்கு உறை?" என்றார் வக்கீல். "இவர்களுக்கும் மாட்டிப் பாருங்களேன்."

"அவன் பேன்ட் போடுறவன்" என்று நான் குறுக்கிட்டேன். "வேட்டியே கட்டத் தெரியாதவன் கை எப்படி—"

"டைப்பிஸ்டும் பேன்ட்தான் போட்டிருக்கிறார். அவர் கையும் கீழேதானே போனது?"

வார்டருக்கு மாட்டினார்கள். "மறுபடி நடக்கணுமா? நடக்கறேன்" என்று சிரித்தபடி மாவட்டம் திரும்ப நடந்தார். பொருந்தியது. டைப்பிஸ்டுக்கு மாட்டினார்கள். பொருந்தியது. சுவரோரம் நின்றவர்களில் இரண்டு பேருக்கும் பொருந்தியது. உடையையும் உடல் பருமனையும் பொருட்படுத்தாமல், அசைவின் வரிசையை மட்டும் பார்க்கும்படிதான் கருவியைப் பழக்கியிருந்தோம். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. எங்கள் கணக்குப்படி அந்த வளாகத்திலிருந்த எல்லோருமே கோதண்டம் செத்தபோது பக்கத்தில் நின்றவர்கள்.

"இது குற்றத்தின் தடம் இல்லை அம்மா, பண்பாட்டின் தடம்" என்றார் வக்கீல். மாஜிஸ்டிரேட் அம்மா தலை நிமிராமல் எழுதினார். தடத்தை எடுக்க அனுமதி கேட்டு நாங்கள் போட்ட மனு தள்ளுபடி.

வீடியோவில் இல்லாத ஆள் நான் ஒருத்திதான். கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அன்றைக்கு அது ஒரு பெருமையாகக்கூட இருந்தது.

கெடு முடிந்த மறுநாள் ஏசுபாதத்தைப் போய்ப் பார்த்தேன். அவன் அழவில்லை. உறைந்துவிட்டது.

"நீ வெட்டல ஏசுபாதம். நீ அப்ப ஆஸ்பத்திரியில இருந்த. எனக்குத் தெரியும்."

"பிலோவும் அதான் சொல்லுது மேடம். நான் நம்புறேன். கை நம்ப மாட்டேங்குது." கம்பிக்கு அந்தப் பக்கம் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். "வெட்டினத வுடுங்க மேடம். இன்னொண்ணு இருக்குது பாருங்க. இங்க எந்த ஆபீசர் வந்தாலும் என் கை தானா எறங்குது. நான் யாருக்கும் அப்டி நின்னவன் இல்ல மேடம். ஸ்டாண்டுல எல்லாரும் என்னத் திமிரு புடிச்சவன்னுவாங்க. அதுக்கோசரந்தான் என் பேரக் கேட்டாங்களோ என்னமோ."

குழந்தைக்கு ஜுரம் விட்டுவிட்டது என்றேன். அது எப்பவோ விட்டுடுச்சு மேடம் என்றான்.

என்னைப் பந்தோபஸ்து வேலைக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் கோதண்டத்துக்குப் படத்திறப்பு விழா. அதே கட்சி ஆபீஸ் வாசல், அதே கொடிக்கம்பம். காலிச் சுவரில் மாவட்டத்தின் படத்தைப் பெரிதாக வரைந்திருந்தார்கள். தியாகி கோதண்டத்தின் படத்தை மாண்புமிகு அமைச்சர் திறந்து வைத்துச் சிறப்புரை.

காலையிலேயே முடிவு செய்திருந்தேன். இந்த ஆளுக்கு நான் சல்யூட் அடிக்கப் போவதில்லை. வேலை போனால் போகட்டும். அதற்காகவே வலது கையில் லத்தியையும் இடது கையில் வாக்கி டாக்கியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம், கூட்டத்தின் முன்வரிசையில் பிலோமினா நின்றிருந்தாள். எதற்கு வந்தாள் என்று தெரியவில்லை. மனு கொடுக்கவா, சாபம் கொடுக்கவா? குழந்தை அவள் தோளில் இருந்தது. அவள் மேடையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் வந்தது. கதவு திறந்தது. டீக்கடை ஓரம் வரிசையாக வேட்டிகள் இறங்கின. நான் லத்தியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பிடித்ததாகத்தான் நினைத்தேன். குதிகால்கள் ஒட்டிக்கொண்ட சத்தம் என் காதிலேயே விழுந்தது. லத்தி அக்குளில் இருந்தது. விரல்நுனி தொப்பியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாவட்டம் லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனார். பிலோமினா என் கையைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் முகத்தைத் தன் தோளில் திருப்பி வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து போனாள்.

என் கைக்குள் யாரும் எதையும் ஊற்றியிருக்கவில்லை.